லூர்து அத்தையின் தலைமாட்டில்

முற்றத்தில் சாளைக் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். திசையன்விளை சந்தையில் மீன் விற்கும் செல்வி அக்கா போனில் அழைத்தார். “ஏட்டி, ஒங்க அத்தை போயிட்டா. வெல பேசிட்டு இருந்தவ அப்படியே மீன்பெட்டி மேல சாஞ்சிட்டா. வாங்க வந்தவன் இன்னும் கொறைப்பாளான்னு கேட்டுட்டு நிக்கான்.”

லூர்து அத்தை என் அப்பாவின் அக்கா. சந்தையில் அவரிடம் ஒருமுறை மீன் வாங்கியிருந்தால் உங்களுக்கு அவர் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் போனாள். சின்னப் பிள்ளையாக இருந்த எனக்குச் சோறு போட்டவர் அத்தைதான். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திக் கருவாட்டுக்கு உப்புப் போட வைத்தவரும் அவர்தான். “வகுப்புல வாயே தொறக்காதவளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குட்டி?” என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

கல்லறைத் திருநாளில் எல்லோரும் செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். அத்தை அவர்களைத் திட்டுவார். மாமாவின் கல்லறையில், “குடிச்சே செத்தீரு. அங்கனயாவது சும்மா கெடயும்” என்று சொல்லிவிட்டு மெழுகுதிரி ஏற்றுவார். உடல் கிடைக்காத அப்பாவுக்கு தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை நிற்கும் குருசடியில் ஒரு திரி. அம்மாவின் கல்லறைக்குத் திரியும் கிடையாது, திட்டும் கிடையாது. காற்றடித்த நாளில் அப்பாவைக் கடலுக்கு அனுப்பியவள் அம்மா என்று அவருக்குக் கோபம். “அவளுக்கு வெயில் போதும்” என்று சொல்லி நடந்துவிடுவார்.

போன வருடம் துப்பட்டாவில் ஒரு துண்டுத் திரியை ஒளித்துக் கொண்டுபோய் அம்மாவுக்கு ஏற்றினேன். அத்தை திரும்பி வந்து சுடரை விரலால் நசுக்கினார். “எந்தம்பி கடல்ல கெடந்து நனையுதான். இவளுக்கு வெளிச்சம் கேக்குதோ?” சூடு ஆறாத அந்தத் திரியை மாமாவின் கல்லறையில் கொண்டுபோய் ஏற்றினார்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. குடும்பத்தின் பழைய குழியைத் திறந்து, கிடைக்கும் எலும்புகளைத் துணியில் கட்டிப் புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைத்து மூடுவார்கள். மாமாவை அடக்கி அதிக வருடங்கள் ஆகவில்லை, அந்தக் குழியைத் திறக்கக் கூடாது. திறக்கும்படி இருந்தது அம்மாவின் குழி மட்டுமே.

“அக்காளும் மதினியும் ஒரு வீட்டுல இருக்க மாட்டாம கெடந்தாவ. இனி எங்கன போவாவ?” என்றார் சித்தப்பா. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

குழி வெட்டியவர் அம்மாவை ஒரு சிறிய மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கால்மாட்டுக்குப் போனார். நான் அதைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

“தலைமாட்டுல வைங்க.”

“அது வழக்கமில்லயே பிள்ள.”

“எங்கம்மைய அத்தை கால்ல வைக்க விட மாட்டேன்.”

“ஏட்டி, பெரியவங்க நிக்கோம்லா? குடு இங்கன!” என்று சித்தப்பா கத்தினார். நான் கொடுக்கவில்லை. பங்குச் சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அந்தப் பிள்ளை சொல்லுத மாதிரியே வைங்க, வெயில் ஏறுது” என்றார்.

அத்தையிடமிருந்து எனக்கு வந்தவை அவருடைய மீன்பெட்டியும் ஒரு சொல்லும். அந்தப் பெட்டியோடுதான் இப்போது சந்தைக்குப் போகிறேன். விலை பேச வாயும் வந்துவிட்டது. குருசில் அத்தையின் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். வருகிற கல்லறைத் திருநாளில் நீங்கள் வந்தால் தலைமாட்டில் ஒரு திரி எரிவதைப் பார்ப்பீர்கள். அது அம்மாவுக்கு.

அத்தைக்கு வெயில் போதும்.