தெய்வத்துக்கு டோக்கன் இல்லை

என் அக்காவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். வெளியே நிற்பவர்களுக்கு அவள் மகராசி, புண்ணியவதி, தெய்வம். அதே கட்டடத்தில் இருக்கும் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. பவர் சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை, அதனால் எனக்கு ராட்சசி என்று பெயர். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

கடையிலிருந்து பார்த்தால் ஜன்னல் தெரியும். எந்த வார்த்தை எப்போது வரும் என்பது எனக்கு அத்துப்படி. டோக்கன் நிறைய இருந்தால் வெறும் ‘மேடம்’. குறையக் குறைய ‘மகராசி’. பாரத்தை நிரப்பித் தரவேண்டும் என்றால் ‘புண்ணியவதி’. எல்லாம் தீர்ந்து ஜன்னலைச் சாத்தப் போகும்போதுதான் ‘தெய்வமே’ வரும். அது வந்துவிட்டால் அக்காவுக்குக் கை ஓடாது. உள்ளே போய் டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு சீட்டு வாங்கி வருவாள். சீட்டு கைக்கு வந்ததும் ஒருத்தராவது திரும்பிப் பார்க்கவேண்டுமே!

“தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம் ஒண்ணுதான் குறை” என்பேன்.

“போடி ராட்சசி” என்று சிரிப்பாள். உள்ளூர அவளுக்குப் பெருமை. மாமா செத்துப்போன பிறகு அவளிடம் ஆசையாக நாலு வார்த்தை பேச அந்த ஜன்னலை விட்டால் யார் இருந்தார்கள்? ஒரே வீட்டில் நான் இருந்தேன்தான். எனக்கு அப்படியெல்லாம் பேச வராது.

ஒரு திங்கட்கிழமை காலை, தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

“வலது கண்ணு ஓரத்துல கருப்பா ஏதோ தொங்குதுடி. துணி காயப்போட்ட மாதிரி.”

இழுக்காத குறையாக எங்கள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, வெகுநேரம் பார்த்தார்.

“விழித்திரை கழண்டுக்கிட்டு வருதும்மா. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. அதுவும் கழண்டுட்டா அப்புறம் ஆபரேஷன் பண்ணியும் பார்வை வருமான்னு சொல்ல முடியாது. நாளைக்கே பண்ணிடணும்.”

ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டர் வெளியூர்க்காரர். செவ்வாயும் வெள்ளியும் வருவார், மதியத்தோடு கிளம்பிவிடுவார். செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. பட்டியல் எழுதுவது அக்காவின் வேலை. தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கடையில் சொல்லிவிட்டு ஓடினேன். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் கூப்பிடலையா?”

“வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்கிட்டேன். மூணு நாள்தானே.”

ஒரு லாரி டிரைவர். கண்ணில் புரை. வியாழக்கிழமை கம்பெனியில் பார்வைப் பரிசோதனையாம், அதில் தேறாவிட்டால் வேலை போய்விடுமாம். அவர் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அக்கா தன் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதிவிட்டாள்.

“உனக்குப் பைத்தியமா? ஆபரேஷன் பண்ண ரெண்டாம் நாளே எந்தப் பரிசோதனையில தேறுவாரு? புரைன்னா ஆறு மாசம்கூடக் காத்திருக்கலாமே! எனக்கும் கண்ணு சரியில்லைன்னு சொல்றதுக்கு என்ன?”

“தெய்வமேன்னு கூப்பிட்டுட்டாடி. அதுக்கப்புறம் எனக்கும் கண்ணு போகுதுன்னு எப்படிச் சொல்றது?”

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் என்று ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குப் போனேன். அந்த அம்மா பெஞ்சில் கணவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரை ஏற்கெனவே உள்ளே படுக்கவைத்துவிட்டார்கள். ஊரோடெல்லாம் வாய்க்கு வாய் பேசுகிற ராட்சசி நான், அந்தச் செருப்பையே பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் டாக்டரைத் தேடிப் பிடித்து நான் விஷயத்தைச் சொல்வதற்குள் பெரிய டாக்டர் ரயில் ஏறியிருந்தார். டாக்டர் கத்தினார். வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டார், எங்கேயும் வெள்ளிக்கு முன்னால் இடமில்லை. அசையாமல் படுத்திரு என்று அக்காவை வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கண்ணை மூடச் சொல்லி விரல்களைக் காட்டினேன். புதன்கிழமை நாலு விரலையும் சொன்னாள். வியாழன் காலை இரண்டு. சாயங்காலம், “கையை நீட்டிட்டியா?” என்று கேட்டாள். என் கை அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. பார்வை வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ஜன்னலுக்குப் போனாள். அவளுக்கு ஒரு கண்ணாடி நானே போட்டுக் கொடுத்தேன். இடது பக்கம் பவர், வலது பக்கம் சாதாக் கண்ணாடி. அதைச் சட்டத்தில் பொருத்தும்போது கடையிலேயே அழுதுவிட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் பயந்துபோய் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சென்ற வாரம் அந்த டிரைவர் வந்தார். பரிசோதனையை ஒரு மாதம் தள்ளிவைத்தார்களாம், அதில் தேறிவிட்டாராம். ஒரு மாதம் தள்ளிவைத்தார்களாம்! மனிதர் வரிசையில் நிற்காமல் அக்காவுக்கு வலது பக்கமாக ஜன்னலோரம் வந்து கும்பிட்டார்.

“எங்க குடும்பத்துக்கு நீங்கதாம்மா கண்கண்ட தெய்வம்.”

இருபத்திரண்டு வருடத்தில் திரும்பி வந்த ஒரே ஆள். குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அக்கா முதலில் இடது பக்கம் பார்த்தாள். பிறகு தலையை முழுக்கத் திருப்பினாள். அதற்குள் வரிசையில் இருந்தவர்கள் சத்தம்போட, அவர் இன்னொரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். என்னைத் தாண்டித்தான் போனார். நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அவ்வளவு சந்தோஷமாக நடந்து போகிறவரை என்னவென்று நிறுத்துவது?

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் படி இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்கிறாள்.

“அவரு முகம் எப்படிடி இருந்துது? நான் திரும்பறதுக்குள்ள போயிட்டாரு.”