துணைக்கு ஓர் ஆள்

முதியோர் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் இணையப் பக்கத்துக்குக் கட்டுரை எழுதுவது என் வேலை. வயதான பிறகு கார் ஓட்டுவது பற்றி நான் எழுதியது வாட்ஸ்அப்பில் நன்றாகவே சுற்றியது.

ஒருநாள் காலை திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பழைய கார் ஒன்று அருகில் வந்து நின்றது. ஓட்டிவந்தவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். மூக்கில் ஒரு கண்ணாடி, கழுத்துக் கயிற்றில் இன்னொரு கண்ணாடி.

"விழுப்புரமா தம்பி? ஜல்தி ஏறுங்க. காசெல்லாம் வாணாம்."

ஏறினேன். இண்டிகேட்டர் போட்ட பிறகும் முழுக் கையையும் வெளியே நீட்டிக் காட்டித்தான் திரும்பினார். பின்னால் வந்த லாரிக்காரர் பயந்தாரோ இல்லையோ, நான் பயந்தேன்.

"தெரியாதவங்கள ஏங்க ஏத்துறீங்க?"

"எம்பொண்ணு போன்ல ஒரு கட்டுரை அனுப்புச்சு. வயசானவங்க தனியா ஓட்டக்கூடாதாம், பக்கத்துல ஒரு ஆள் இருக்கணுமாம். அதான், வண்டி எடுக்கறப்பல்லாம் யாரையாவது ஏத்திக்கினு போறேன்."

வீட்டு மனிதர்களை நினைத்து நான் எழுதிய வரி அது. ஆனாலும் பெருமை தாங்கவில்லை.

"அதை எழுதினதே நான்தாங்க."

அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் என்னைக் கும்பிட்டார்.

விழுப்புரத்தில் ஒரு வங்கி வாசலில் நிறுத்தி, "அஞ்சு நிமிசத்துல வந்துடறேன், இறங்கிடாதீங்க" என்றார்.

"ஏங்க?"

"நான் திண்டிவனம் திரும்பணுமே தம்பி. தனியா ஓட்டலாமா? நீங்களே சொல்லுங்க."

அது வெகுளித்தனமா, குசும்பா? அன்று மத்தியானம், மறுபடியும் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றபடி, அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.