பஸ் படிக்கட்டில் நின்றவள்

போன வருடம், ஒரு ஆடி மாத மத்தியானம். என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். குளச்சலில் தடுப்பூசி போட்டுவிட்டு, திங்கள்சந்தைப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். கணவர் கல்ஃபில் இருக்கிறார். கூட வருகிறேன் என்ற மாமியாரை நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு ஸ்டாப் போகத் தெரியாதா என்ற வீம்பு.

எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் கெட்டதும் வேறு வேஷத்தில் வர ஆரம்பித்தது. கை கால் இழுக்காது. அடுக்களையில் நிற்பேன், எதிரே கதவோரம் நானே நிற்பேன். அதே நைட்டி, அதே கலைந்த தலை. புகை மாதிரியெல்லாம் இல்லை, முழு ஆள். கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடுவாள். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் இதில் யார் நான் என்று எனக்கே பிடிபடாது.

கணவரிடம் போனில் சொன்னேன். ஒருத்தியையே சமாளிக்க முடியவில்லை, இன்னொருத்தியா என்று சிரித்தார். மாமியாரிடம் சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமையே மந்திரவாதி வீட்டு வாசலில் நிறுத்துவார். டாக்டரிடம் சொன்னால் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுவாரோ என்று பயம். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். முன் படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்க இடம் கிடைத்தது. நிற்கிற தாய், உட்கார்ந்திருப்பவர் மடியில் பிள்ளையைக் கொடுப்பது நம் பஸ்களில் வழக்கம்தானே. யாரிடம் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ மேலே ஏறியது. சத்தமெல்லாம் தூரப் போனது. படிக்கட்டில் அவள் நின்றாள். என்னுடைய பச்சைச் சுடிதார், என்னுடைய வளையல். இரண்டு கையையும் நீட்டினாள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவள்தான் நான், அவளிடம் இருந்தால் பிள்ளை பத்திரம் என்று தோன்றியது. பிள்ளையை நீட்டினேன். கையை விட்டேன்.

கண் விழித்தபோது பஸ் நின்றிருந்தது. நான் தரையில் கிடந்தேன். உள்ளங்கையில் யாருடையதோ சாவிக்கொத்து, நாக்கில் ரத்தம். பிள்ளை எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. முதலில் கண்ணில் பட்டது கறுத்துப்போன விரல்கள். அந்த விரல்களுக்குள் என் மகள், வீறிட்டு அழுதுகொண்டு.

படிக்கட்டை ஒட்டிய சீட்டில் இருந்த ஒரு அக்கா அவர். அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற முந்திரி ஆலையில் கொட்டை உடைப்பவர், அந்த எண்ணெய் பட்டுத்தான் விரல் கறுத்திருந்தது. திறந்த வாசல் பக்கம் நான் பிள்ளையை நீட்டுவதைப் பார்த்துப் பாய்ந்து, சட்டையோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். படிக்கட்டில் யாருமே இல்லை என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிள்ளைக்காகக் கை நீட்டினேன். பஸ்ஸே தடுத்தது. அவளிடம் கொடுக்காதே, திரும்பவும் போட்டுவிடுவாள், வீட்டு ஆட்கள் வரட்டும் என்று ஆளுக்கொரு யோசனை. அவர்கள் சொன்னதில் தப்பில்லை என்று எனக்கே தெரிந்தது. இனி யாரும் என் பிள்ளையை என்னிடம் தரமாட்டார்கள் என்று நினைத்ததும் விம்மி விம்மி அழுதேன்.

அந்த அக்கா என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அவளுக்க பிள்ளைய அவளுக்குக் குடுக்காம பின்ன யாருக்குக் குடுக்க?" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

பிள்ளையை என் மடியில் வைத்து, தன் இரண்டு கையையும் அடியில் கொடுத்துக்கொண்டார்.

"நீ பிடி மக்கா. பேடிக்காத. எனக்க கை கீழ கெடக்கு."

திங்கள்சந்தை வரை அந்தக் கையை எடுக்கவில்லை. அம்மா வந்து சேர்ந்த பிறகுதான் கிளம்பினார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அந்த வாரமே நாகர்கோவிலில் நரம்பு டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. சிலருக்கு வலிப்பு இப்படியும் வரும் என்று சொல்லி மாத்திரையை மாற்றினார். இப்போது அவள் வருவது அபூர்வம். இனி வரவே மாட்டாள் என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் நம்பவில்லை.

இப்போதெல்லாம் பஸ் ஏறியதுமே, எனக்கு வலிப்பு உண்டு, பிள்ளையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் மாறி நகர்ந்துகொள்கிறார்கள், பலர் கையை நீட்டுகிறார்கள், அந்தக் கை சூடாக, வேறொருத்தியின் கையாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் என் மகளை நான் விடுகிறேன்.