தெரியல என்று சொன்ன மூக்கு டாக்டர்

மூக்கு ஆபரேஷனில் ரத்தம்தான் பெரிய தொல்லை. ஒரு சொட்டு கசிந்தால் போதும், உள்ளே எல்லாம் ஒரே சிவப்பு. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எழுபதுகளில் செங்கல்பட்டில் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தேன். உள்ளே விட்டுப் பார்க்கும் குழாயெல்லாம் கிடையாது. நெற்றியில் வட்டக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு பல்ப். மருந்தில் நனைத்த துணித்திரியை அடைத்து மூக்கை மரத்துப்போக வைப்போம். ஆள் முழித்துக்கொண்டுதான் இருப்பான். காதும் கேட்கும்.

தெரியல

மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து எல்லப்பன் வந்தான். அவனும் மனைவி கன்னியம்மாவும் கருவாடு விற்பவர்கள். மூக்கில் சதை வளர்ந்து அவனுக்கு வாசனையே போய்விட்டது. கெட்டதை நல்லதோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறான். வாங்கினவர்கள் கொண்டுவந்து வீசிவிட்டுப் போனார்கள். இப்படியே போனால் யாவாரம் படுத்துவிடும்.

பாதிச் சதை எடுத்தேன். ரத்தம் வந்தது. "ஒண்ணும் தெரியலம்மா" என்றேன் நர்ஸிடம். அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். திரியை அடைத்து ரத்தத்தை நிறுத்தினேன். மறுபடி படுக்க மாட்டேன் என்றான். கதவருகே போய்த் திரும்பினான்.

"தெரியலன்னா இன்னாத்துக்கு மூக்குல கைய வுட்ட? தெரிஞ்ச டாக்டரு யாருனா கீறாரா?"

மறைக்குது

கன்னியம்மா அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை தலையை உயர்த்திப் படுக்கவைத்தேன். திரியை அதிக நேரம் வைத்தேன். அப்படியும் கசிந்தது. வார்த்தையை மாற்றினேன். "மறைக்குது, உறிஞ்சு" என்றேன் நர்ஸிடம். வெளியே நின்றிருந்த கன்னியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எதற்குக் கோபம் என்று எனக்குப் புரியவில்லை.

"இன்னாத்த சார் மறைக்கிற? ஆளு பூட்டாருன்னா பூட்டாருன்னு சொல்லிடு."

தெரியுது

அவளை வெளியே அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். திரி வைப்பது, காத்திருப்பது, உறிஞ்சுவது. எல்லப்பனுக்கு வியர்த்தது. "இன்னா டாக்டரே, பேச்ச காணோம்? நான் கீறனா?" என்றான். இன்னொரு திரியை வைத்தேன். மிச்சச் சதையும் வந்துவிட்டது.

புண் ஆறியபின் இருவரும் வந்தார்கள், கருவாட்டுக் கூடையோடு. அவன் மூச்சை இழுத்தான். "தெரியுது டாக்டரே." என்ன தெரியுது என்றேன். "அடியில கீற வாள கெட்டுப்பூட்ச்சி. இவ மேலயும் அதே நாத்தம்."

கன்னியம்மா கூடையைக் கிளறி அந்த வாளைக் கருவாட்டை வெளியே போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இத்தினி நாளா நிம்மதியா இருந்தேன். மறுபடியும் அடச்சி வுட்டுடு சார்."

இத்தனை வருஷம் மூக்கு பார்த்தும், ரத்தம் வரும்போது நர்ஸிடம் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியல.