மேல்வீட்டு வழி

எங்கள் அருங்காட்சியகத்துக்குக் குழுவாக வர நினைப்பவர்கள் முதலில் நெவேனா அக்காவின் குரலைக் கேட்டாக வேண்டும். தொலைபேசியை எடுத்ததும் அவள் கேட்பது இரண்டே கேள்விகள்தான்.

"எத்தனை பேர் வர்றீங்க? அதுல முழங்கால் வலிக்காரங்க எத்தனை பேர்?"

கேள்விக்குக் காரணம் உண்டு. அருங்காட்சியகம் எங்கள் பல்கேரிய மலையூரின் சதுக்கத்தில் இருக்கிறது. அதைச் சேர்ந்த பழைய வீடுகளில் கம்பளி வியாபாரியின் வீடு பக்கத்துத் தெருவில். மேல்வீடு என்று நாங்கள் சொல்லும் மற்றொன்று மலைச்சரிவின் உச்சியில். அங்கே பேருந்து போகாது. கல் பாவிய செங்குத்தான பாதையில் மூச்சு வாங்க ஏற வேண்டும். அதனால் அக்காவிடம் இரண்டு வழிகள் இருந்தன. கீழேயே சுற்றி முடிக்கும் சின்ன வழி, மேல்வீட்டையும் சேர்த்துக்கொள்ளும் பெரிய வழி.

புகையிலை பயிரிடும் எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வரலாற்றில் பட்டம். வழிகாட்டியாகச் சேர்ந்த அன்று சான்றிதழை அக்காவின் மேசையில் விரித்தேன். எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"உங்கப்பா இதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கணுமே, தம்பி. நீ ஏன் சுருட்டித் தூக்கிட்டு அலையுற? போ, முதல்ல செருப்பு ஜோடி சேர்ந்திருக்கான்னு பாரு."

பழைய கம்பளங்கள் தேயாமலிருக்க, வருகிறவர்கள் ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் கம்பளிச் செருப்புகளைச் சொன்னாள். பட்டதாரியின் முதல் வேலை அதுதான். இன்றும் எனக்கு அதில் குறையில்லை.

ப்ளெவென் நகரத்துப் பக்கத்திலிருந்து வரும் குழுக்களை ரங்கேல் அண்ணன் ஓட்டி வருவார். மனைவியை இழந்தவர், கனத்த மீசை. அக்காவும் கணவனை இழந்தவள். அவர் பேருந்தில் வருகிறவர்கள் யாராக இருந்தாலும் பெரிய வழியில்தான் போவார்கள். அவர்கள் மேலே ஏறி இறங்கும்வரை, அண்ணன் அக்காவின் அறையில் காப்பி குடிப்பார். கூடவே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா.

"அக்கா, ரங்கேல் அண்ணன் பஸ்ல வர்றவங்களுக்கு மட்டும் மலை ரொம்பப் பிடிக்குது போல" என்று ஒருநாள் சீண்டினேன்.

"பிள்ளைங்க ஏறட்டுமே. பசி எடுக்கும்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பல்கேரியாவில் மார்ச் முதல் தேதி எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் ஏறிவிடும். ஒருவருக்கொருவர் கட்டிவிட வேண்டும். ஊர் திரும்பும் நாரையைப் பார்த்ததும் அவிழ்த்து, பூத்த மரத்தில் கட்ட வேண்டும். ஒவ்வொரு மார்ச்சிலும் அண்ணனுக்கு அக்காதான் கட்டினாள். ஊரே ஏப்ரலில் அவிழ்த்துவிடும். அவர் மட்டும் ஜூன் மாதத்திலும் அழுக்கேறிய நூலோடு வந்து நிற்பார்.

"இன்னுமா அண்ணே நாரை கண்ணுல படல?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டுறவன்டா நான். வானத்தைப் பார்த்தா நாப்பது பிள்ளைங்க பள்ளத்துல கிடக்கும்."

"எதிர்ல தீயணைப்பு நிலையத்துக் கூரையில கூடே கட்டியிருக்கு. உங்க பஸ் அதுக்குக் கீழதான் நிக்குது."

"அப்படியா? கண்ணாடி தொடைக்கணும்."

அக்கா தொலைபேசியைக் காதில் வைத்துக்கொள்வாள். மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்த வசந்தத்தில் சேதி வந்தது. ஜெர்மனியில் இருக்கும் மகன் அண்ணனை அங்கேயே வந்துவிடச் சொல்லிவிட்டான். மே மாதம் வரும் ப்ளெவென் ஓய்வூதியர் சங்கக் குழுதான் அவர் ஓட்டி வரும் கடைசிப் பயணம். முந்தின நாள் சங்கத்துக்காரி தொலைபேசியில் பேசியபோது, அக்கா முழங்கால்களைப் பற்றிக் கேட்கவில்லை. கரும்பலகையில் பெரிய வழி என்று எழுதினாள்.

"நாளைக்குக் கேட்டுடப் போறேன்" என்றாள் என்னிடம். "இங்கயே இருந்துடுன்னு. வாய்க்கு வர்றதுக்கே எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். மேல்வீடு போயிட்டு மெதுவா வாங்க."

பேருந்து வந்து நின்றது. முதலில் ஒரு கைத்தடி இறங்கியது. பிறகு இன்னொன்று. ஒரு பாட்டியை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். படிக்கட்டில் அண்ணன் கை நீட்டி நின்றார். மணிக்கட்டில் நூல் இருந்தது. அக்கா வாசலில் நின்று அத்தனை கால்களையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கரும்பலகையைத் துடைத்தாள்.

"சின்ன வழி" என்றாள்.

"நாங்க ஏறிடுவோம் பொண்ணே" என்றாள் கைத்தடிக்காரி.

"ஏறிடுவீங்கம்மா. இறங்கணுமே."

என்னால் முடிந்ததைச் செய்தேன். வியாபாரி வீட்டில் ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு கதை சொன்னேன். பல்கலைக்கழகத்தில் படித்தது மொத்தமும் அன்று வெளியே வந்தது.

"தம்பி, அந்தக் கரண்டியில சோறு தின்னவன்கூட இவ்வளவு நேரம் தின்னிருக்க மாட்டான்" என்றார் ஒரு கிழவர். எல்லோரும் சிரித்தபடி செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

சதுக்கத்துக்கு வந்தபோது இருவரும் பேருந்தின் அருகே நின்றிருந்தார்கள். கேட்டுவிட்டாளா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அண்ணன் உள்ளே ஏறி, முன்கண்ணாடியில் தொங்கிய ஒரு நூலை அவிழ்த்து எடுத்து வந்தார். மார்ச்சிலிருந்தே அங்கே தொங்கியது. அதை அக்காவின் மணிக்கட்டில் கட்டினார்.

"மே மாசத்துல யாராவது இதைக் கட்டுவாங்களா?"

"மார்ச்சுலயே உனக்குன்னுதான் வாங்கினேன். கட்டத்தான் தைரியம் வரல."

"ஜெர்மனில நாரை உண்டாமா?"

"நிறையன்னு சொல்றான் மகன். இருந்துட்டுப் போகட்டும். நான் பார்க்கிறதா இல்ல."

அக்கா வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பாட்டி, "டிரைவரே, மருந்து சாப்பிடுற நேரம் தாண்டுது" என்று கூப்பிட்டாள்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றாள் அக்கா.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டாள்.

"இந்த மேசையை அந்தப் பக்கமாத் திருப்பணும். ஒரு கை பிடி. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துது."

ஜன்னலுக்கு நேர் எதிரே தீயணைப்பு நிலையத்துக் கூரை. கூட்டில் நாரைகள் அலகைத் தட்டிக்கொண்டிருந்தன. கம்பியை இழுத்துத் தொலைபேசியை இடம் மாற்றினோம். அன்றிலிருந்து அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சதுக்கத்தைக் கடக்கும்போது தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் முடிவில் கூடு காலியானது.

"போயிடுச்சு அக்கா. மேசையைத் திருப்பிடலாமா?"

நிறம் மங்கிய நூலை விரலால் மணிக்கட்டில் ஒருமுறை சுற்றிவிட்டாள்.

"இருக்கட்டும். மார்ச்சுல மறுபடி வந்துடுமே" என்றாள். தொலைபேசி ஒலித்தது. ப்ளெவெனிலிருந்து ஒரு பள்ளிக்கூடம், புது ஓட்டுநர். முழங்கால்களைப் பற்றி விசாரித்தாள். எல்லாம் பத்து வயதுப் பிள்ளைகள். மலை ஏறக் காத்திருப்பவர்கள்.

எழுந்து போய்க் கரும்பலகையில் பெரிய வழி என்று எழுதினாள். மேசையிலிருந்த இரண்டு கோப்பைகளில் ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, தனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டாள்.