தண்ணி என்று திருத்தினேன்

"இத்தனை வருஷம் புரூஃப் பார்த்தவர், எவ்வளவு கதை படித்திருப்பீர்கள்! நல்ல வாசகன் எப்படி இருக்கணும் என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். கேட்க ஆள் பார்த்தார்களே! நான் ஒரு கதையைக் கொன்றவன். அதை எழுதுகிறேன்.

எங்கள் பிரஸ் மலையாள நாட்டுத் தலைநகரில், சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரில் அச்சுக் கோர்க்கிற டிடிபி வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், எப்போதாவது ஒரு கதைப் புத்தகம். முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: "வே, நம்மாளுவ எழுதினா மலையாளம் கலந்து வரும். ஒண்ணும் விடப்பிடாது. ஆரல்வாய்மொழி தாண்டினா அந்தப் பக்கத்துத் தமிழனுவ சிரிப்பானுவ." அந்த வேலையில் நான் புலி.

கோமதி அம்மாள் அரசாங்க ஆபீஸில் கிளார்க். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து சாலையில் அரிசி மண்டியில் இருந்தவர். கடைசி இரண்டு வருஷம் நினைவு தப்பிக் கிடந்தார். பம்பாயிலிருந்த அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை. "அப்பாவுக்கு ஆளே தெரியலை" என்றால், "வயசானா மறதி வரும், நீ பெரிசு பண்றே" என்பாராம் போனில். அதைத்தான் அம்மாள் கதையாக எழுதியிருந்தார்.

"வாயால சொன்னா அண்ணன் நம்பமாட்டான் சார். படிச்சா நம்புவான்" என்று சொல்லி, முதல் பிரதியை நேரே அனுப்ப விலாசமும் தந்தார்.

கதையில் வருகிற அப்பா கடையில் வாய் நிறைய மலையாளம் பேசுவார். வீட்டில் ஒரு வார்த்தை மலையாளம் பேச விடமாட்டார். கடைசிப் பக்கத்தில் கண் திறந்து, மகளைப் பார்த்து, "கொறச்சு வெள்ளம் தரணே" என்கிறார். அவ்வளவுதான் கதை.

வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர், தமிழில் ஆற்றில் வருவது. அடித்துவிட்டு "கொஞ்சம் தண்ணி தாம்மா" என்று எழுதினேன். அந்த 'ம்மா' என் சொந்தச் சரக்கு. மகளிடம் கேட்கிறாரே, ஒட்டுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவசரத்தில் ஃபைனல் புரூஃபை கோமதி அம்மாளிடம் காட்டவும் இல்லை.

பைண்டிங் முடிந்த மறுநாள் வந்தவர், கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார்.

"இதை யாரு மாத்தினது?"

"நான்தாம்மா. மலையாளமா இருந்தது."

"மலையாளம்தான் சார். வெளியாளுககிட்டதான் அப்பா மலையாளம் பேசுவாரு. அன்னிக்கு என்கிட்டப் பேசினாரு. நான் யாருன்னே அவருக்குத் தெரியலை. மனசிலாச்சா?"

அந்தக் கதையை மூன்று தடவை படித்திருக்கிறேன். ஒரு ஒற்றுப்பிழை விடவில்லை. இந்த மனுஷன் ஏன் இப்படிக் கேட்டான் என்று மட்டும் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கதை படிக்கிறவனுக்கு வேண்டியது அதுதான். தப்பு என்று தோன்றுகிற இடத்தில் கொஞ்சம் நின்று, ஏன் என்று கேட்க வேண்டும். பாவி, நான் பேனாவை எடுத்தேன்.

மற்றப் பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டினோம். அண்ணனுக்கான முதல் பிரதி முந்தின நாளே தபாலில் போய்விட்டது.

"அவருக்கு நானே லெட்டர் போடறேம்மா" என்றேன்.

"வேண்டாம் சார். நான் சொல்லி எழுதவெச்சேன்னு சொல்லுவான்."

இரண்டு வாரம் கழித்து அண்ணனின் பதிலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "படிங்க சார். பிழை இருந்தா திருத்துங்க" என்றார்.

'கதை படித்து அழுதுவிட்டேன். அப்பாவுக்கு ஆளே தெரியவில்லை என்றாயே கோமதி! கடைசியில் உன்னை அம்மா என்று கூப்பிட்டல்லவா தண்ணீர் கேட்டிருக்கிறார். நீ கொடுத்து வைத்தவள்.'