அக்கா ஏற்றுக்கொண்ட பழி

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களில் பலருக்கு அவர் வெறும் ‘கெமிஸ்ட்ரி டீச்சர்’. மருந்துச் சீட்டைக் காட்டி அவரிடம் சந்தேகம் கேட்டவர்களும் உண்டு. என்ன படித்தார் என்று தெரியாமலேயே எல்லோரும் பெருமைப்பட்டோம்.

அக்கா பிறந்தது பெருமாட்டியில், தென்னந்தோப்புக்கு நடுவே. அம்மா சீக்கிரமே போய்விட, அப்பாதான் எங்கள் இருவருக்கும் தலைவாரி, சோறு கட்டி, கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அக்கா ஆராய்ச்சிக்காகக் கொச்சிக்குக் கிளம்பியபோது, “பொட்டப்புள்ளைய அத்தனை தூரம் உடறீங்களா?” என்றவர்களிடம், “போயிட்டு வரட்டுமுங்க” என்பதற்கு மேல் அப்பா பேசவில்லை.

பல அணுக்கள் சேர்ந்த மூலக்கூறின் மேல் ஒளியைப் பாய்ச்சினால் அது அதிரும். தாங்க முடியாதபோது உடையும். எந்த இடத்தில் உடைகிறது என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள் அதைச் செய்ய வேண்டும். விரல் அழுக்குப் பட்டாலே எல்லாம் தப்பாகிவிடும்.

ஒருமுறை அப்பா அவரைப் பார்க்க ஆராய்ச்சிக்கூடத்துக்கே போனார். கலத்தைத் திறந்துவைத்திருந்த நேரத்தில் பேராசிரியர் கூப்பிட, அக்கா எழுந்து போனார். மூடியின் ரப்பர் வளையம் உலர்ந்திருப்பதை அப்பா பார்த்திருக்கிறார். தோப்பில் பம்புசெட்டைப் பூட்டும்போது வாஷருக்கு எண்ணெய் தடவாமல் அவர் விட்டதே இல்லை. மகளுக்கென்று கொண்டுபோன தேங்காயெண்ணெயை எடுத்து வளையத்துக்கும் போல்ட்டுக்கும் தாராளமாகத் தடவிவிட்டார்.

அதன்பின் அக்காவின் கருவி, யாரும் எதிர்பாராத மூலக்கூறுத் துண்டுகளைக் காட்டியது. மூலக்கூறு புதிய வழியில் உடைகிறது என்று பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை; கட்டுரையும் தயாரானது. அக்காவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஒளியை அணைத்துப் பார்த்தார். அப்போதும் அதே துண்டுகள். கலத்தைத் திறந்தால் எங்கள் வீட்டு எண்ணெய் வாசம்.

யார் வேலை என்று புரிந்துவிட்டது. பேராசிரியரிடம், “என் கவனக்குறைவுதான் சார்” என்றார். கட்டுரை நின்றது; பட்டம் தள்ளிப்போனது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து, ஒளி எங்கே பட்டாலும் அதிர்வு மூலக்கூறு முழுக்கப் பரவி, பிணைப்பு தளர்ந்த இடத்தில்தான் உடைகிறது என்று காட்டினார். ஆனால் கவனமில்லாதவர் என்ற பெயர், வேலை கேட்டுப் போன இடங்களுக்கெல்லாம் கூடவே வந்தது. ஊருக்கு வந்தபோது, “அந்த மூடி இப்பச் சுளுவாக் கழலுதா கண்ணு?” என்றார் அப்பா. “நல்லாக் கழலுதுங்கப்பா” என்றார் அக்கா. அப்பாவின் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

கடைசி நாட்களில் அக்காவைப் பார்க்க வந்த மாணவி ஒருத்தி, “மேடம் மாதிரி சுத்தமா யாரும் வேலை செய்ய மாட்டாங்க. படிக்கறப்ப எங்கிருந்தோ தேங்காயெண்ணெய் பட்டு ஆராய்ச்சியே வீணாப்போச்சாம். ‘என் தப்பு’ன்னு அவங்களே கிளாஸ்ல சொல்லுவாங்க” என்றாள்.

அப்பா எழுந்து கட்டிலருகே போனார். “நாந்தானே சாமி தடவுனேன். ஏன் சொல்லலை?”

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சொல்லியிருந்தா அப்புறம் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டீங்கப்பா. எனக்கு நீங்க வரோணும்.”

மருத்துவமனையில் உடனிருந்த சித்திக்கும், கேட்காமலே காரை எங்கள் வாசலில் நிறுத்திவைத்த பக்கத்துத் தோட்டத்தாருக்கும், ரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த அன்பை நாங்கள் மறக்கமாட்டோம்.

எண்ணெய் விஷயத்தை மட்டும் அச்சில் ஏற்ற வேண்டாமென்று நினைத்தேன். அப்பா விடவில்லை.

“என் பேரு கெட்டாக் கெட்டுட்டுப் போகட்டும். எழுது கண்ணு. எம்புள்ள தப்பு பண்ணலைன்னு நாலு பேருக்குத் தெரியோணும்.”